எடுத்துக் கொடுக்காத வரி

பிப்ரவரி 9

மச்சான் அவர்களுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு ஏன் எனக்கு வரி எடுத்துக் கொடுக்கவில்லை?

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது கீழ் வீட்டுத் தையலம்மா. உங்கள் தங்கை படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, நாம் இருவரும் சங்கத்துக்குப் போகும் நாட்களில் மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். புரியாததை எழுத மாட்டாராம். "யாருக்குன்னு தெரியாம துணியை வெட்ட மாட்டேன், இதுவும் அப்படித்தான்" என்கிறார். ஆகவே நமக்குத் தெரிந்த சங்க வழக்கத்தையே அவருக்காக ஒரு தடவை சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சகோதரர் சங்கத்தில் மாதம் ஒரு கூட்டம். உறுப்பினர் தவிர வேறு யாருக்கும் உள்ளே இடமில்லை. கூட்டத்தின் நடுவில் ஒருவர் எழுந்து தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைக் காகிதம் இல்லாமல் சொல்வார். ராகம் போட்டுப் பாடுவதில்லை, சொல்வதுதான். கைதட்டக் கூடாது. முடிந்ததும் கடைசி வரியை எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் அவருக்கு வரி விட்டுப்போனால் இடப்பக்கம் இருக்கிறவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். இடப்பக்கத்தவருக்கும் தெரியாவிட்டால் தலைமையில் இருப்பவர் மரச்சுத்தியைத் தட்டுவார், அந்தப் பாட்டு மூடப்பட்டுவிடும். அதற்குப் பிறகு அவர் அந்தக் கூடத்தில் அதைச் சொல்ல முடியாது. இடப்பக்கத்தவர் தெரிந்தும் கொடுக்காமல் இருந்தால் மட்டும் பாட்டு மறுபடி திறக்கும். ஆனால் தெரிந்தும் கொடுக்கவில்லை என்று அவரே தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும், அதோடு அவர் இருக்கையும் போய்விடும்.

எழுதிவிட்டீர்களா அம்மா என்று கேட்டேன். எழுதிவிட்டாராம். இதை வைத்தவர்கள் வேறு வேலை இல்லாதவர்கள் என்றும் சொல்கிறார். அதையும் எழுதச் சொன்னேன்.

உங்கள் தங்கை போன மறுமாதக் கூட்டத்தில் நான் எழுந்து அவளுடைய பாட்டைச் சொன்னேன். மூன்று வரி சொன்னேன். நான்காவதில் தொண்டை அடைத்தது. வரி மறந்துபோகவில்லை, சத்தம்தான் வரவில்லை. தலைமைப் பொறுப்பை அதற்கு முந்தின வாரம்தான் கைமாற்றிவிட்டு, என் இடப்பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் உங்கள் செருப்பைப் பார்த்தீர்கள். சுத்தி விழுந்தது.

அது உங்கள் வீட்டிலிருந்து வந்த பாட்டு.

ஏப்ரலில் நினைவுக் கூட்டம் வருகிறது. குடும்பத்தார், பெண்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரையும் உள்ளே விடுவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். செத்தவர்களுக்காகப் பாட்டு சொல்வதும் அன்றைக்குத்தான். அவளுக்கு அவள் பாட்டை நான் சொல்ல வேண்டும். 'எனக்குத் தெரியும், கொடுக்கவில்லை' என்று செயலாளருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். வேறு எதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

நீங்கள் சுகமா? மகள் வீட்டில் சோறு நேரத்துக்குக் கிடைக்கிறதா?

மாப்பிள்ளை


பிப்ரவரி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். எனக்கு மாடியில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். நாற்பது வருடம் வெட்ட வெளியில் நிலம் அளந்தவனுக்கு நல்ல ஏற்பாடுதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: எனக்கு அந்த வரி தெரியாது. அன்று சங்கத்தில் சொன்னதையே மீண்டும் சொல்கிறேன். சிறு வயதில் வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்டதெல்லாம் நினைவில் நிற்க நான் உங்களைப் போல் இல்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதிக்கொடுக்க என்னால் இயலாது.

நினைவுக் கூட்டத்துக்கு வேறு கவிதை சொல்லலாம். கூடத்து அலமாரியில் நல்ல தொகுப்புகள் இருக்கின்றன. அந்த அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு அது பழக்கமான காரியம்தானே.

தையலம்மாவுக்கு என் வணக்கம். என் தங்கைக்கு அவர் செய்ததை நான் மறப்பதற்கில்லை.

இந்த விஷயத்தை இத்தோடு விட்டுவிடுவது இருவருக்கும் நல்லது.

மச்சான்


மார்ச் 2

மச்சான் அவர்களுக்கு,

விட்டுவிடலாம் என்கிறீர்கள். நான் பட்டறையில் பாய்லருக்கு நெருப்புப் போட்டவன். அடியில் நெருப்பை எரியவிட்டு மூடியை இறுக்கினால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

உங்களுக்குத் தெரியாதா? சரி, தெரிந்த கதையை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

பெண் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டு முன்னறையில் நாற்காலிகள் போதவில்லை. நீங்கள் ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தீர்கள். பச்சைச் சட்டை, முழங்கையில் மைக்கறை. பொண்ணுக்குப் படிக்க வருமா என்று என் பெரியப்பா கேட்டார். மாப்பிள்ளைக்கு வராது என்பதை அவர்தானே மறைக்க வேண்டியிருந்தது. உங்கள் அப்பா உங்களை எழுந்திருக்கச் சொல்லி அந்தப் பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் பள்ளிப் புத்தகத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அவள் குனிந்து அதைத்தான் படித்தாள்.

தோள் இரண்டு, சுமை ஒன்று, தொலைவு பெரிது.
ஏற்றம் முழுதும் நீ சுமந்தாய், ஏனென்று கேளாமல்.

இரண்டாவது வரியில் அவள் 'எதென்று கேளாமல்' என்று படித்துவிட்டாள். நீங்கள் நின்ற இடத்திலிருந்தே, தாளைப் பார்க்காமலே, "ஏனென்று" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? தங்கச்சிக்குப் படிக்கத் தெரியும், பதட்டத்தில் தடுமாறிவிட்டாள் என்று சபைக்குக் காட்ட, மீதி வரிகளையும் அவளோடு சேர்ந்து கடைசி வரை சொன்னீர்கள். ஐந்து வரி. பெட்டி மூடி திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தது. நான் அன்றைக்கே கேட்டுப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் மறுபடி மறுபடி சொன்னது எனக்குப் பாடம் ஆக அல்ல, அவளுக்குப் பிடிக்கும் என்பதால்.

இப்போது தெரியாது என்கிறீர்கள்.

உங்கள் இருக்கை போய்விடும் என்று பார்க்கிறீர்களா? நீங்கள் இந்த ஊருக்குத் திரும்பப் போவதில்லை. அந்த நாற்காலி யாரும் உட்காராமல் தூசி தின்கிறது. கூட்டத்தில் நீங்கள் குறுக்காகப் போட்டுக்கொள்ளும் தோள்பட்டைத் துணி கூடத்து ஆணியில் தொங்குகிறது, நீல நிறம் வெளுத்து. அதை வைத்துக்கொண்டு மகள் வீட்டு மாடியில் என்ன செய்யப் போகிறீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் நிலம் அளக்கப் போன ஊர்களிலிருந்து நீங்கள் அவளுக்கு எழுதும் கடிதங்களில் என் முதுகுவலியை விசாரிக்காமல் இருந்ததில்லை. தைலம் போடுகிறாரா, பளு தூக்காமல் இருக்கிறாரா என்று கேட்டிருப்பீர்கள். அவள் படித்துக் காட்டுவாள். எனக்கும் உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இறங்கிப்போகும். இந்தக் கடிதத்தில் அதைக் காணோம். தையலம்மாவை மறுபடி பார்க்கச் சொன்னேன். இல்லை என்கிறார்.

ஒரு வரி எழுதுங்கள், மச்சான். கெஞ்சிக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 14

மாப்பிள்ளைக்கு,

ஆம். தெரியும். முழுவதும் தெரியும். அந்தத் தாளைப் பெட்டியில் பசை தடவி ஒட்டியவனே நான்தான்.

தெரிந்தும் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் நின்றுபோன வரி எது என்று ஒரு தடவை உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள்.

இறக்கத்தில் நான் கேட்டு வாங்கினேன், என் தோள் உனக்கென்று.

எதைக் கேட்டு வாங்கினீர்கள்? அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலையில் நான் வந்தேன். முதுகுக்குத் தலையணை வைத்து அவளை நிமிர்த்தி உட்காரவைத்திருந்தீர்கள். பரவாயில்லை, பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். பார்த்தால் அவள் கையில் செய்தித்தாள். உங்களுக்குப் படித்துக் காட்டுகிறாள். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கி, எண்ணெய் விலையைப் படித்துக் காட்டுகிறாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "மேல படி, அப்புறம் என்னாச்சு" என்கிறீர்கள். ஒரு மாதக் கூட்டத்தையாவது அவளுக்காக விட்டீர்களா? கூடத்துக் கதவைக் காத்துத் தாழ்ப்பாள் போடும் பொறுப்பு உங்களுக்கு வீட்டைவிடப் பெரிதாயிற்று.

முதுகுவலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் கடிதம் எதிலும் உங்கள் முதுகை நான் விசாரித்தது கிடையாது. உங்களைப் பற்றி அவளுக்கு நான் எழுதியதை எல்லாம் நீங்கள் கேட்டிருந்தால் என்னை வாசல்படி ஏற விட்டிருக்க மாட்டீர்கள். அவள் அதை விழுங்கிவிட்டு, தைலத்தையும் பளுவையும் தானாகச் சேர்த்துப் படித்திருக்கிறாள். இப்போது உங்களுக்கு உள்ளதை உள்ளபடி படிக்கிற ஆள் வாய்த்திருக்கிறார். கடிதம் கசப்பதற்கு அதுதான் காரணம்.

உள்ளதை உள்ளபடியே படிக்கட்டும்.

அவள் போன அன்று மாலை நாம் கூட்டத்தில் இருந்தோம். ஆணிக்கடைக்காரர் தம் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டு முடியும் ஜாதி அல்ல என்று உங்களுக்குத் தெரியும். அப்போது கதவு தட்டப்பட்டது. நம் சங்கத்துத் தட்டு இல்லை. கையை விரித்து அறைகிற தட்டு, இடைவெளி விடாமல். கதவு உங்கள் பொறுப்பு. உங்கள் கை தாழ்ப்பாளுக்குப் போனதைப் பார்த்தேன். திரும்பி மடிக்கு வந்ததையும் பார்த்தேன்.

பாய்லரில் ஒரு வால்வு சீறும் சத்தம் மாறினால் பட்டறையின் மறுகோடியிலிருந்து ஓடி வருவார் என்று உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவார்கள். ஒன்றும் காதில் விழவில்லை என்று மறுநாள் எல்லாரிடமும் சொன்னீர்கள். அந்த வரியை என் வாயிலிருந்து வாங்கிக்கொள்ள உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

மச்சான்


மார்ச் 29

மச்சான் அவர்களுக்கு,

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதை எழுதுகிறவர் முனைக்கடை முடிவெட்டுகிறவர். கடையில் ஆள் இல்லாத மதிய நேரத்தில் எழுதுகிறார். முடி வெட்டுகிற மாதிரிதான் எழுதுவார், நான் நீளமாகச் சொன்னாலும் குறைத்துவிடுவார். இப்போதே சொல்லிவிடுகிறேன், எதையும் குறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததும் வழக்கம் போல் தையலம்மாவிடம் கொண்டுபோனேன். மிஷினை நிறுத்திவிட்டுப் பிரித்தார். நிறுத்தாமல் படித்தார். எண்ணெய் விலை வந்த இடத்திலும் குரல் மாறவில்லை. முதுகு வந்த இடத்தில் ஒரு தடவை என்னைப் பார்த்தார். கதவு தட்டிய இடம் வந்தது. 'திரும்பி மடிக்கு வந்ததையும் பார்த்தேன்' என்பது வரைக்கும் படித்தார்.

தட்டியது அவர்தானே, மச்சான். உங்கள் தங்கைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்க ஓடி வந்து, சங்கத்து மாடிப்படி ஏறி, கை சிவக்கத் தட்டிவிட்டு, திறக்கவில்லை என்று திரும்பி ஓடினவர். மறுநாள் அவரிடம் நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று நீங்களும் தலையாட்டினீர்கள். கதவு கனம், உள்ளே பாட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்றேன். "கேக்கலைன்னா நீங்க என்ன செய்வீங்க" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

கடிதத்தை மடித்தார். மேஜையில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மறுபடி மிஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். ஊசிக்கு அடியில் துணி இல்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். மீதிக் கடிதத்தை இவர்தான் படித்தார், பாதி சவரத்தோடு ஒருவரை உட்காரவைத்துவிட்டு.

அவர் கண்ணில் படும் என்று தெரிந்தேதான் எழுதினீர்கள். நிலம் அளக்கிறவர் இல்லையா, கல் எங்கே நட்டால் எதிராளிக்கு வழி அடைபடும் என்று உங்களுக்குத் தெரியும்.

கேட்டது. ஆமாம், கேட்டது. முதல் தட்டிலேயே அது யார் கை என்று தெரிந்தது. இப்போது நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதவைக்கிறேன். பாட்டு நடக்கும்போது கதவைத் திறக்க வேண்டுமானால் தலைமை கையசைக்க வேண்டும். அன்றைக்குத் தலைமை யார்? என் கை தாழ்ப்பாளில் இருந்தபோது நான் யாரைப் பார்த்தேன்? நீங்கள் உங்கள் விரலை உதட்டில் வைத்தீர்கள். வைத்துவிட்டு ஆணிக்கடைக்காரர் பக்கம் திரும்பி ரசித்துக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினீர்கள். அவர் பாட்டு முடிந்தது, வரி திருப்பிச் சொன்னோம், தேநீர் வந்தது, நீங்கள் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றீர்கள். எனக்கு அதுவும் நினைவிருக்கிறது. எழுத்து தெரிந்திருந்தால் எழுதிவைத்துவிட்டு மறந்திருப்பேன்.

விரல் அசைந்திருந்தால் கதவு திறந்திருக்கும். நீங்கள் அசைக்காவிட்டாலும் நான் திறந்திருக்கலாம். என்ன செய்வார்கள்? தாழ்ப்பாளைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். இதை யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. உங்களுக்கு இறங்குகிறதா?

இவ்வளவும் ஆன பிறகும் அதையே கேட்கிறேன். நினைவுக் கூட்டத்துக்கு அதிக நாள் இல்லை.

ஏன் என்றால், அவள் குரல் எனக்கு வேறு எங்கும் இல்லை. உங்களுக்கு அவள் எழுதிய கடிதங்கள் இருக்கும். எனக்கு அவள் கையெழுத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. அந்த ஐந்து வரியை மட்டும்தான் அவள் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு எனக்குச் சொல்லத் தெரியும். வீட்டில் சொல்லிப் பாருங்களேன் என்பீர்கள். சொன்னேன். கடைசி வரி முடிந்ததும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், திருப்பிச் சொல்ல ஆள் இல்லை. அவள் செத்ததற்கு நாலு பேர் சேர்ந்து ஒரு வரி சொல்ல வேண்டாமா?

இவருக்கு வாடிக்கை வந்துவிட்டது.

மாப்பிள்ளை


ஏப்ரல் 6

மாப்பிள்ளைக்கு,

செயலாளருக்கு எழுதிவிட்டேன். 'வரி எனக்குத் தெரியும், தெரிந்தே கொடுக்கவில்லை, இருக்கையை விட்டுக்கொடுக்கிறேன்.' வேறொன்றும் எழுதவில்லை. கதவைப் பற்றி எழுதவில்லை. எழுதத் தொடங்கினேன், கை வரவில்லை.

அந்த அம்மா படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதினேன். அவர் உங்களைக் கேட்கட்டும் என்று நினைத்தேன். உதட்டில் வைத்த விரலை எழுதாமல் விட்டதற்கு மறதி காரணமல்ல.

நீங்கள் என்னை ஒன்று கேட்டீர்கள், முதல் கடிதத்தில். அதற்கு இதுவரை சரியான பதில் சொல்லவில்லை. உங்களைத் தண்டிக்கத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்பது போல் போன கடிதத்தில் எழுதினேன். எழுதும்போது அப்படித்தான் நம்பினேன். உண்மை அது இல்லை. நீங்கள் நின்றதும் வரி என் நாக்கில் வந்துவிட்டது. 'இறக்கத்தில்' என்ற சொல் உதடு வரை வந்தது. எடுத்துக் கொடுத்தால் முதலில் அதை நான் சொல்ல வேண்டும். நான் சொல்வது என் வாக்கு ஆகிவிடும். அவள் அண்ணன் நான். பெட்டியில் தாளை ஒட்டியவன். கதவைத் திறக்காதே என்றவன். என்னால் சொல்ல முடியவில்லை. செருப்பைப் பார்த்தேன்.

உங்களாலும் முடியாமல்தான் நின்றீர்களோ என்று சில சமயம் நினைக்கிறேன். தொண்டை அடைத்ததாகச் சொல்கிறீர்கள். அது சரியாக அந்த வரியில் அடைத்ததற்கு நான் காரணம் கேட்கப்போவதில்லை.

பாட்டு இனி உங்களுடையது. சொல்லுங்கள். முடிந்தால்.

பிஸ்கட் விஷயம் எனக்கு நினைவில்லை. நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மச்சான்


ஏப்ரல் 22

மச்சான் அவர்களுக்கு,

இதையும் முடிவெட்டுகிறவர்தான் எழுதுகிறார். கூட்டம் முடிந்துவிட்டது. கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

செயலாளர் உங்கள் கடிதத்தைப் படித்தார். ஆணியிலிருந்து உங்கள் தோள்பட்டையை எடுத்து மடித்து மேஜை இழுப்பில் வைத்தார். ஆணிக்கடைக்காரர் மட்டும், "அவரு அப்படிப்பட்ட ஆள் இல்லையே, என் பாட்டை அவர் மாதிரி ரசிச்சுக் கேக்க இங்க வேற யாரு இருக்கா" என்று வருத்தப்பட்டார். உங்கள் நாற்காலியைத் துடைத்து ரொட்டிக் கடைக்காரரை உட்காரவைத்தார்கள். புது ஆள், நல்ல பையன் என்று சொல்கிற வயதைத் தாண்டியவர். மறுபடி ஒரு தடவை சங்கடம் வரக் கூடாது என்று செயலாளர் என் பாட்டை என்னிடம் கேட்டு எழுதி அவருக்குச் சொல்லிக் கொடுத்துத் தயாராக வைத்திருந்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் கீழே இறங்கித் தையலம்மா வாசலில் நின்றேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு அவளுக்காகப் பாட்டு சொல்கிறேன், நீங்கள் வர வேண்டும் என்றேன். துணியிலிருந்து தலை நிமிரவில்லை. "பாக்கலாம்" என்றார். உங்கள் கடிதத்தை மடித்து வைத்த அன்றிலிருந்து அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கூடம் நிறைந்திருந்தது. பெண்களுக்கு முன்வரிசை. குழந்தைகள் சுவரில் மாட்டியிருந்த தோள்பட்டைகளை இழுத்துப் பார்த்தன. பாட்டு சொல்கிறவன் கதவைக் காக்க முடியாது இல்லையா, அதனால் தாழ்ப்பாளை ஆணிக்கடைக்காரரிடம் கொடுத்தார்கள். நினைவுக் கூட்டமானாலும் பாட்டு தொடங்கினால் கதவு மூட வேண்டும். மூடினார். வந்திருந்த முகங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தையலம்மா இல்லை. வராமல் இருந்தால் அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

தோள் இரண்டு, சுமை ஒன்று, தொலைவு பெரிது.
ஏற்றம் முழுதும் நீ சுமந்தாய், ஏனென்று கேளாமல்.
மூச்சு வாங்கிய இடத்திலும் முகம் திருப்பிச் சிரித்தாய்.

அங்கே நின்றேன். தொண்டை அடைக்கவில்லை. உங்களிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது? குரல் நன்றாக இருந்தது, வரி நன்றாக நினைவிருந்தது. வாயைத் திறக்கத்தான் முடியவில்லை. தலையணையும் செய்தித்தாளும் வந்து நின்றன. என் கையைப் பார்த்தேன். அன்றைக்குத் தாழ்ப்பாளை விட்டு மடிக்குத் திரும்பிய அதே கை.

ரொட்டிக் கடைக்காரர் காத்திருந்தார் போலிருக்கிறது. நான் நின்றதும் சட்டென்று எடுத்துக் கொடுத்தார். "இறக்கத்தில் நான் கேட்டு வாங்கினேன், என் தோள் உனக்கென்று." அடுப்பிலிருந்து தட்டு எடுத்துவிட்டேன் என்று உள்ளே குரல் கொடுக்கிற மாதிரி, உரக்க, ஒரு தடங்கலும் இல்லாமல். அவருக்கு என்ன, அவர் யாரையும் காக்கவைக்கவில்லை. அந்த வரியை அவ்வளவு லேசாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

எடுத்துக் கொடுத்ததை நான் திருப்பிச் சொன்னால்தான் மேலே போக முடியும். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன், மச்சான். நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. அது பொய் என்று தெரிந்து, அவள் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு, சொன்னேன். சொல்லாவிட்டால் கடைசி வரிக்குப் போக முடியாது. கடைசி வரிக்குப் போகத்தான் உங்களை இத்தனை நாள் வதைத்தேன்.

ஊர் வந்தபோது பார்த்தோம்: சுமை நம்மைச் சுமந்திருந்தது.

கூடம் முழுதும் திருப்பிச் சொன்னது. பெண்கள் குரலும் சேர்ந்து. அதில் அவள் குரல் கேட்கும் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. கேட்கவில்லை. நிறைய பேர் ஒரே நேரத்தில் பேசின சத்தம்தான் கேட்டது.

எல்லாரும் எழுந்து கைகொடுக்க வந்தார்கள். நல்லா சொன்னீங்க என்றார் செயலாளர். வரியை மறந்தாலும் விட்டுக்கொடுக்காமல் முடித்தீர்கள் என்றார். அடுத்த மாதத்திலிருந்து தாழ்ப்பாளை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். வயசாயிடுச்சு, காது சரியில்லை என்றேன். அவர் நம்பினார்.

அப்போது ஆணிக்கடைக்காரர் கதவைத் திறந்தார். தையலம்மா வெளியே படிக்கட்டு முகப்பில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா. வந்து நேரமாகியிருக்க வேண்டும், காலை மாற்றி மாற்றி நின்றதில் சேலைக் கரை மிதிபட்டிருந்தது. உள்ளே வந்திருக்கலாமேம்மா, இன்னைக்கு எல்லாருக்கும் உண்டே என்று ஆணிக்கடைக்காரர் கூப்பிட்டார். தையலம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. கதவின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, மரத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார், துணியின் தடிப்பைப் பார்க்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஒண்ணும் அப்படிக் கனமான கதவு இல்லீங்க. நீங்க சொன்னது ஒரு சொல் விடாம கேட்டுச்சு."

படி இறங்கிப் போய்விட்டார். நான் கைகொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளை